காக்கைக்கு வைக்காத சோறு

குழிச்சாமி என்று ஊரார் தன்னைக் கூப்பிடுவது அவருக்குத் தெரியும். அதற்காக அவர் கோபித்துக்கொண்டதில்லை. மடத்துக்குப் பின்னால் வரிசையாக உரக்குழி வெட்டி, பொழுதன்றைக்கும் அதில் இறங்கி ஏறுகிற மனிதரைக் கோபுரச்சாமி என்றா கூப்பிடுவார்கள்?

பூவிளங்குடி பேரூராட்சியாக இருந்து நகராட்சி ஆன ஊர். பெயர்ப்பலகை மாறியது. குப்பை மட்டும் பழையபடி கண்மாய்க் கரையிலேயே எரிந்துகொண்டிருந்தது. புகை பள்ளிக்கூடத்துக்குள் போனது, பிள்ளைகள் இருமின. ஒரு நாள் மடத்துச் சாமி ஒரு தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டு வந்து, மடத்தைச் சுற்றியிருக்கும் தெருக்களின் குப்பையை இனிமேல் மடமே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார். ஞானம் கொடுக்க வேண்டிய இடத்தில் குப்பை வாங்குகிறார்களே என்று ஊர் சிரித்தது. சிரித்த ஊர் மறுநாள் காலையில் வாளியும் கையுமாக வாசலில் நின்றது.

அந்த மடத்துக்குத்தான் சோலைமலை வந்து சேர்ந்தார்.

மதுரையில் அரிசி மண்டி வைத்திருந்தவர். உள்ளங்கையில் நாலு அரிசியைப் போட்டு ஊதிப் பார்த்தே எந்தப் பக்கத்து நெல், புதுசா பழசா என்று சொல்லிவிடுவார் என்று பேர். மனைவி போய்ச் சேர்ந்தாள். சில வருடம் கழித்து மண்டியை மகன்களிடம் கொடுத்துவிட்டு, நாலு வேட்டியோடு கிளம்பி வந்துவிட்டார். சாமியைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனாலும் அவர்தான் இவரைச் சாமி என்றார், முன்னால் உட்காரமாட்டார். தரையில் ஒரு பருக்கை கிடந்தால் மட்டும், சாமி பேசிக்கொண்டிருந்தாலும் குனிந்து எடுத்துவிடுவார். மண்டிப் பழக்கம்.

ஒரு சாயங்காலம் அவர் கேட்டார்.

"சாமி, மண்டிய விட்டேன். வீட்ட விட்டேன். நாக்கு ருசியக்கூட விட்டுட்டேன். ஆனாலும் மனசுக்குள்ள என்னமோ ஒட்டிக்கிட்டே இருக்கு. இன்னும் நான் எதை விடணும்?"

சாமி வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"நாளையிலருந்து பட்டறைத் தெருவுக்கு நீங்க போங்க" என்றார். "மத்தவுக எதை எதை விடுறாகன்னு பாத்துட்டு வாங்க."

"இதுவா சாமி பதிலு?"

"வண்டி இதுதான். பதிலு தெருவுல இருக்கும்."

போகும்போது என்னென்ன கவனிக்க வேண்டும் என்று சோலைமலை கேட்டார். சாமி ரொம்பச் சொல்லவில்லை. பச்சைக் கூடையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காதது. சிவப்பில் ஊசி, பிளேடு, மருந்து, தாளில் சுற்றிக் கொடுக்கிற பெண்டுபிள்ளைகள் சமாச்சாரம். பிரித்துத் தராவிட்டால் வாங்க வேண்டாம், நாளைக்கு வருகிறேன் என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டியது.

"இன்னொண்ணு. கட்டி வர்றதை அவுக்காதீக."

"சரி சாமி."

"கோடி வீட்டுல ஒரு அம்மா தினம் ஒரு இலைப் பொட்டலம் கொடுக்கும். அதைக் குழியில போட வேண்டாம். நம்ம வேலியோரம் கடைசி வாழை இருக்கில்ல, அது மூட்டுல வச்சு மண்ணைத் தள்ளிருங்க."

"அதுல என்ன இருக்கு?"

"கட்டியிருக்கு" என்றார் சாமி.

சோலைமலை விசிலை வாயில் வைத்துக்கொண்டு பட்டறைத் தெருவுக்குள் நுழைந்தார். முதல் நாள் மூக்கைப் பொத்தினார். பிறகு மூக்கு பழகிவிட்டது, கண் விழித்துக்கொண்டது. ஒரு வீட்டின் குப்பை என்பது அந்த வீட்டின் ஜாதகம்தான். கத்தரிக்காய்க் காம்பும் முருங்கைக்காய்ச் சக்கையும் வருகிற வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். புரோட்டாக் கடைப் பொட்டலமாகவே வந்தால் சண்டை. ஓய்வு பெற்ற வாத்தியார் வீட்டில் பழைய செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி ஒரு கட்டு வரும். எவ்வளவு சுற்றினாலும் கண்ணாடிப் பாட்டில் கண்ணாடிச் சத்தம்தான் போடும். எங்கே பார்த்தாலும் பால் கவர், ஷாம்பூ பாக்கெட், அரைத்த மசாலா வாங்கிய உறை. ஒரு வீட்டில் குழந்தையின் டயப்பர் வந்தது. அடுத்த வீட்டில் வந்ததோ பெரிய ஆளுக்குக் கட்டுகிற டயப்பர். ஒரு நாள் அது வராமல் பாயும் தலையணையும் மருந்து அட்டைகளும் வந்தன. சோலைமலை அந்த வாசலில் விசில் அடிக்காமல் நகர்ந்தார்.

நல்ல மனிதர்தான். நல்லவர் என்பதால் தப்பு நடக்காது என்று யார் சொன்னது?

கோடி வீடு சவுந்தரத்துடையது. ஓட்டு வீடு, முன்னறையில் தையல் மிஷின். ரவிக்கை தைத்துக் கொடுத்துப் பிழைக்கிற பொம்பளை. நீலக் கூடைக்குத் துணிக் கத்தரிப்பு, நூல் சுருள் வரும். பச்சைக் கூடைக்கு ஒரு வெங்காயத் தோல், ரெண்டு காய்த் தோல், ரேஷன் அரிசியில் பொறுக்கிய கறுப்பு அரிசியும் கல்லும். அதோடு வாழைநாரால் கட்டின ஒரு இலைப் பொட்டலம். அதை மட்டும் அவள் கூடையில் போடமாட்டாள், அவர் கையில் கொடுப்பாள்.

கையில் வாங்கும்போதே சோலைமலைக்குக் கனம் தெரிந்தது. மூட்டையைத் தொட்டே எடை சொன்ன கை அது. சில நாள் சாமி சொன்னபடியே வாழை மூட்டில் வைத்து மண்ணைத் தள்ளினார். ஒவ்வொரு நாளும் கை அரித்தது. ஒரு காலை, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நாரை அவிழ்த்தார்.

உள்ளே ஒரு ஆள் சாப்பாடு முழுசாக இருந்தது. நடுவில் சோறு, மேலே குழம்பு, ஓரத்தில் அவரைக்காய்ப் பொரியல், நமுத்துப்போன அப்பளம், ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய். ஒரு விரல் பட்ட தடம் இல்லை. சோலைமலை ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். பழைய பொன்னி. முதல் தரம்.

அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ரேஷன் அரிசியில் கல் பொறுக்குகிற வீடு, பொன்னி வாங்கிச் சமைத்துக் குப்பையில் போடுகிறதா? என்ன திமிர் இது? பருக்கையைக் குனிந்து எடுத்தே கூன் விழுந்த மனிதருக்கு அதற்குமேல் யோசிக்க முடியவில்லை. ரேஷன் சோறு தின்கிறவள் யாருக்காகப் பொன்னி வாங்குகிறாள் என்று ஒரு நிமிடம் நினைத்திருந்தால் போதும். நினைக்கவில்லை.

அவருக்கு அது பிறகுதான் தெரிந்தது. நமக்கு இப்போதே தெரிந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. சவுந்தரத்துக்கு ஒரே மகன், மதியழகன். படித்து முடித்து வேலை கிடைக்காமல் வீட்டோடு இருந்தான். ஒரு மத்தியானம், தைத்த ரவிக்கைக்கு யாரோ குறை சொல்லிவிட்டுப் போன எரிச்சலில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைப் பார்த்து அவள், "உனக்குப் போடுற சோறு தண்டம்" என்று சொல்லிவிட்டாள். ஊரில் எந்தத் தாய் சொல்லாத சொல்? அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான், கை கழுவினான், செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போனான். ஆறு வருடம் ஆகிறது. திருப்பூரில் பார்த்தேன் என்றார்கள், தேடிப் போனாள், அவன் இல்லை. ஆந்திராவில் போர்க் கிணறு போடுகிற லாரியில் பார்த்தேன் என்றார்கள், அதுவும் அவன் இல்லை. போலீஸும் தேடிப் பார்த்துவிட்டு, வந்தால் சொல்லுங்கள் என்று அவளிடமே சொல்லிவிட்டது. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அவன் இடத்தில் இலை போட்டுச் சோறு வைக்கிறாள். பொழுது சாயும்வரை பார்ப்பாள், வரவில்லை என்றால் இலையை மூடி நாரால் கட்டுவாள்.

இது தெரு முழுக்கத் தெரிந்த கதை. சோலைமலை யாரையும் கேட்கவில்லை. கேட்காததோடு நிற்கவும் இல்லை.

மறுநாள் காலை அவள் பொட்டலத்தை நீட்டியபோது அவர் கை நீட்டவில்லை.

"தாயி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சாமி."

"வீட்டுல எத்தனை பேரு?"

அவள் யோசித்தாள். எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஒருத்தி யோசிக்கிறாளே என்று பார்த்தபோதே அவர் பேச்சை விட்டிருக்கலாம்.

"ரெண்டு பேரு" என்றாள்.

"ரெண்டு பேருக்குச் சமைச்சு, ஒரு ஆள் சோத்தை முழுசாக் கட்டிக் குப்பையில போடுறீக. நல்ல பொன்னி அரிசி. இம்புட்டுச் சோறும் தண்டமாப் போகுதே, மனசு வருதா?"

அவள் முகம் வெளுத்தது. தண்டம் என்ற சொல் அந்த வாசலில் எத்தனை வருடமாக யாரும் சொல்லாத சொல். அது அவருக்கு எங்கே தெரியும்?

"மனுசன் சாப்பிடலேன்னா காக்காய்க்காச்சும் வைக்கக் கூடாதா தாயி?"

"காக்காய்க்கா?"

"ஆமா. காக்காய்க்கு வச்சா அதாச்சும் சேர வேண்டிய எடத்துக்குப் போயிச் சேரும்."

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மடத்துல சொல்லச் சொன்னாகளா சாமி?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அவருக்கு அந்த நேரம், மண்டிக் கல்லாவில் உட்கார்ந்து சொன்ன சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லாத பழைய காலம் நினைவு வந்துவிட்டது.

"மடத்துச் சொல்லுன்னே வச்சுக்கங்க" என்றார்.

அவள் பொட்டலத்தை மார்போடு வைத்துக்கொண்டு உள்ளே போனாள். மற்றக் குப்பையைக் கொடுக்க அன்று அவள் திரும்பி வரவில்லை.

அடுத்த நாள் இலைப் பொட்டலம் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சோலைமலைக்கு நெஞ்சு நிறைந்துபோனது. வீடு வீடாகப் போய் என்ன கண்டோம் என்று இருந்தவருக்கு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி. அந்த வாரம் ஒரு நாள் அவள் ஒரு பழைய சேலையில் மூட்டை கட்டி நீலக் கூடைக்குக் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, பேசவும் இல்லை. கோபமாக இருப்பாள், சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார். அந்த மூட்டையை அவர் அவிழ்க்கவில்லை. விதி திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் சாமி குழியிலிருந்து ஏறிக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பட்டறைத் தெருவுல ஒரு வீட்டுல சோறு வீணாகுறது நின்னுருச்சு சாமி."

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சாமி குழாயை மூடினார்.

"எந்த வீடு?"

"கோடி வீடு. தையக்காரம்மா."

"எப்படி நின்னுச்சு?"

சோலைமலை சொன்னார். பொன்னி அரிசியைச் சொன்னார், காக்கையைச் சொன்னார். மடத்துச் சொல் என்று சொன்னதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். சாமி குழியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"பொட்டலத்தை அவுத்தீகளா?"

"அவுத்தேன் சாமி."

"அந்த வீட்டுலருந்து வேற என்ன வந்துச்சு?"

சோலைமலை சேலை மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார்.

"முடிச்ச அவுத்துருங்க."

"கட்டி வர்றதை அவுக்கக் கூடாதுன்னு..."

"ஒண்ணை அவுத்துட்டீக. இதையும் அவுத்துப் பாருங்க."

முடிச்சு இறுக்கமாக இருந்தது, பல்லால் இழுக்க வேண்டியிருந்தது. உள்ளே அஞ்சாறு சட்டை, இஸ்திரி போட்டு மடித்தவை. நேற்றுத் துவைத்தது போல சோப்பு வாசனை. ஒரு சீப்பு. ஒரு ஜோடி செருப்பு, குதிகால் பக்கம் தேய்ந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு எவர்சில்வர் தட்டு. விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது.

சோலைமலை தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"மதியழகன்னு இருக்கு. யாரு சாமி இது?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாமலா வாழை மூட்டுல வைக்கச் சொன்னீக?"

"ஒரு ஆள் சாப்பிடுற கனம் இருந்துச்சு. கையில கொடுத்தாக. கட்டியிருந்துச்சு." சாமி எழுந்தார். "அதுக்கு மேல நான் என்னத்தத் தெரிஞ்சுக்கணும்?"

அன்று சோலைமலை சாப்பிடவில்லை. விடிந்ததும், தெருவில் குப்பை வாங்கி முடித்த கையோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கோடி வீட்டுக்குப் போனார். வாசலைத் தாண்டுவதற்கு முன்னாலேயே பார்த்தார், சுற்றுச்சுவர் மேல் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பழக்கப்பட்ட வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தன.

சவுந்தரம் மிஷின் முன்னால் இருந்தாள். மிஷின் ஓடவில்லை. நெற்றியில் திருநீறு. அவர் கையில் இருந்த மூட்டையைப் பார்த்ததும் எழுந்து வந்து நிலைக்குள் நின்றுகொண்டாள்.

"தாயி, இது உங்க சாமான். தெரியாம வந்துருச்சு."

"தெரிஞ்சுதான் கொடுத்தேன்."

"திருப்பி வாங்கிக்கங்க."

"குப்பையில போட்டதைத் திரும்ப வீட்டுக்குள்ள ஏத்தக் கூடாது சாமி."

சோலைமலைக்கு மூட்டையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"அது உங்க மகனா தாயி?"

அவள் சொன்னாள். மூச்சு வாங்கச் சொல்லவில்லை, அழவும் இல்லை. மத்தியானம், ரவிக்கை, தண்டம் என்ற சொல், கை கழுவினது, செருப்பில்லாமல் போனது. யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"குறி கேளுன்னாக. கேக்கல. சோசியம் பாருன்னாக. பாக்கல. இல்லேன்னு எவனாச்சும் சொல்லிப்புட்டா? பிச்சைக்காரருக்கு அந்தச் சோத்தைப் போடுன்னு தெருவுல சொல்லுவாக. அவன் சோத்த அடுத்தவுகளுக்கு எப்படிச் சாமி தூக்கிக் கொடுப்பேன்? நான் திங்கலாமா? திங்க மாட்டேன். அவனுக்கு வச்சது. காக்காய்க்கு..." அவள் நிறுத்தினாள். "காக்காய்க்கு யாருக்காகச் சாமி வைப்பாக? உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். பெண்டாட்டி திதிக்கு வருடா வருடம் மாடியில் நின்று கா கா என்று கூப்பிட்டவர்தானே அவர்.

"அதனாலதான் குப்பையில போட்டேன். குப்பையில போட்டா அவன் வரலேன்னுதான் அர்த்தம். வேற அர்த்தம் இல்ல பாருங்க."

சுவரில் ஒரு காக்கை இடம் மாறி உட்கார்ந்தது.

"கேக்காமலே வாசல்ல வந்து வாக்குச் சொன்னீக. தண்டம்னு அதே சொல்லு. காக்காய்க்கு வையி, சேர வேண்டிய எடத்துக்குச் சேரும்னு. மடத்துச் சொல்லுன்னீக. ஆறு வருசம் நான் கேக்காம இருந்ததுக்கு ஆண்டவனே ஆளு அனுப்பிச் சொல்லிட்டான்னு நினைச்சேன். அன்னைக்கு மத்தியானமே குளிச்சுட்டு வச்சேன். ஒரு தரந்தான் கூப்பிட்டேன் சாமி. காத்துக்கிட்டிருந்த மாதிரி வந்து எடுத்துருச்சு."

"தாயி, அது வாக்கு இல்ல." சோலைமலை ஒரு படி கீழே இறங்கி நின்றார். "மடத்துல யாரும் எதுவும் சொல்லல. நான் அரிசி யாவாரி. பொன்னி அரிசி வீணாப் போகுதேன்னு சொன்னேன். அம்புட்டுத்தான். நான் அவுத்துப் பாத்திருக்கக் கூடாது. காக்காய்க்குப் பசி, வந்து தின்னுச்சு. அதுக்கு வேற என்ன தெரியும்?"

அவள் அவரையே பார்த்தாள்.

"அப்ப அவன் இருக்கானா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு சொல்லுக்காக அவள் கண் எப்படித் திறந்தது என்பதைப் பார்த்தவருக்கு, சொல்லிவிடவேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் தெரியாததைச் சொன்னதால் வந்த வினையைத்தான் மூட்டையாகக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"தெரியலம்மா."

அவள் தலையை ஆட்டினாள்.

"எனக்கும் அதான் இருந்துச்சு சாமி. தெரியலங்கிறது. அதை வச்சுக்கிட்டுத்தான் ஆறு வருசம் சமைச்சேன். அதையும் வாங்கிட்டுப் போயிட்டீக."

"திரும்பவும் இலை போடுங்க தாயி. நான் வந்து கையில வாங்கிக்கிறேன். அவுக்க மாட்டேன்."

"போட்டுப் பாத்தேன். முந்தாநாள் அவன் எடத்துல இலையப் போட்டு உக்காந்தேன்." அவள் திருநீற்றைத் தொட்டுக்கொண்டாள். "வாசலப் பாக்க முடியல சாமி. கண்ணு சுவத்துக்கே போகுது."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படாரென்று சாத்தவில்லை, தூங்குகிற வீட்டுக் கதவைச் சாத்துவதுபோல மெதுவாகச் சாத்தினாள்.

சோலைமலை மூட்டையோடு தெருவில் நடந்தார். வாத்தியார் வீட்டு வாசலில் யாரோ, என்ன சாமி இந்நேரத்துல வண்டி இல்லாம, என்று கேட்டார்கள். அவர் நிற்காமல் போனார். மண்டியை விட்டபோது இறங்காத பாரத்துக்கு மேல் இன்னொரு பாரம் இப்போது ஏறியிருந்தது. அரிசி மூட்டை சுமந்த தோளுக்கு அஞ்சாறு சட்டையும் ஒரு தட்டும் தாங்க முடியவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

மடத்தில் மதியச் சாப்பாட்டு வேளை. பின்கட்டில் தட்டுகள் வைத்தாகிவிட்டது. சாமி இன்னும் உட்காரவில்லை, இவருக்காகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கலையா?"

"குப்பையில போட்டதை வீட்டுக்குள்ள ஏத்தக் கூடாதாம்."

"ஆமா. அப்படிச் சொல்லுவாக."

"சாமி, இதை எந்தக் கூடையில போடுறது?" சோலைமலை மூட்டையைக் கீழே வைக்காமலே கேட்டார். "சட்டை மக்கும். செருப்பு மக்காது. தட்டு பழைய பாத்திரக்காரன் வாங்கிக்குவான். எனக்கு எல்லாம் தெரியும். வீடு வீடாப் போயிக் கத்துக்கிட்டேன். இதை எங்க போடுறதுன்னு மட்டும் தெரியல."

சாமி மூட்டையை வாங்கிப் பிரித்தார். சட்டைகளையும் செருப்பையும் சீப்பையும் தன் அறைக்குள் கொண்டுபோய் மாடத்தில் வைத்துவிட்டு வந்தார். தட்டை மட்டும் குழாயடிக்குக் கொண்டுபோனார். சாம்பல் போட்டுத் துலக்கினார். வெட்டியிருந்த பேரைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தார். ஈரத்தைத் துடைத்துவிட்டு வந்து, வரிசையில் சோலைமலையின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பரிமாறுங்க."

சோலைமலைக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. கரண்டியை எடுத்தார். மடத்தில் ரேஷன் அரிசிதான். ஒரு ஆள் அளவு சோறு வைத்தார். குழம்பு விட்டார், கீரை வைத்தார். யோசித்துவிட்டு இன்னும் ஒரு கரண்டிச் சோறு வைத்தார். இளந்தாரிப் பையன்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அந்தத் தட்டிலிருந்து ஆவி வந்தது, பிறகு நின்றது. பின்கட்டுச் சுவரில் ஒரு காக்கை வந்து இறங்கியது. தலையைச் சாய்த்து அந்தத் தட்டைப் பார்த்தது. சோலைமலையின் கை பாதியில் நின்றுவிட்டது. அவர் சாமியைப் பார்த்தார்.

அந்த மடத்தில் நாயை விரட்டியதில்லை, பூனையை விரட்டியதில்லை. சாமி எழுந்து தோளில் கிடந்த துண்டை உதறிச் சுவரில் ஓங்கி அடித்தார்.

"போ. இது உனக்கில்ல."

காக்கை போயிற்று. சாமி திரும்ப உட்கார்ந்து சாப்பிட்டார்.

சாப்பிட்டவர்கள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். சோலைமலை அந்தத் தட்டுக்கு முன்னாலேயே இருந்தார். வெயில் பின்கட்டை விட்டு இறங்கி வேலியோரம் போனபோது, எழுந்துபோய்க் கடைசி வாழையில் ஒரு இலை அறுத்துக்கொண்டு வந்தார். சோற்றை அதில் மாற்றினார், ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை. மூடி, நாரால் கட்டினார். முடிச்சுப் போடத் தெரியாமல் இரண்டு தரம் அவிழ்ந்தது. மூன்றாம் தரம் நின்றது.

சாமி குழிக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மாகிட்டச் சொல்லட்டுமா சாமி?"

"சொல்லி, அவுககிட்டருந்து இன்னும் எதை வாங்கப் போறீக?"

சோலைமலை தலையைக் குனிந்துகொண்டார். பொட்டலம் கையில் கனத்தது. அந்தக் கனம் அவருக்குத் தெரிந்த கனம்தான், தினம் காலையில் கோடி வீட்டு வாசலில் வாங்கியது.

"எத்தனை நாளைக்குச் சாமி?"

சாமி மண்வெட்டியைத் தோளில் எடுத்து வைத்தார்.

"அவன் வந்து உக்கார்ற வரைக்கும்."